எழுபத்தாறில் ஒரு தட்டல்

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கேட்கப்போவதில்லை. நடந்தது. அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் என் வீட்டு வாசலுக்கு வந்து பாருங்கள். தூசி படிந்த வெள்ளைக் கார் ஒன்று நிற்கும். அதன் டயர்களைப் பாருங்கள். அந்த வண்டிக்கு வர வேண்டிய சைஸைவிட ஒரு சைஸ் பெரியவை. எண் டயரின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. அதுவரைக்கும் பார்க்கலாம்.

டிரைவருக்குப் பக்கத்துக் கதவை மட்டும் திறக்காதீர்கள்.

என் மனைவிக்குக் கண் தெரியாது. பிறவியிலிருந்தே. ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் வேலை பார்த்தாள். காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. அந்தக் காது பொல்லாத காது. நான் மாடிப்படி ஏறும் சத்தத்தை வைத்தே மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய நாளைச் சொல்லிவிடுவாள்.

கல்யாணமான புதிதில் இந்தக் காரை வாங்கினோம். முதல் ஒரு வாரம் அவள் மடியில் போனை வைத்துக்கொண்டு வந்தாள். கண் தெரியாதவர்களுக்காக ஒரு செயலி உண்டு. ஓடும் வேகத்தைச் சில நொடிகளுக்கு ஒரு முறை வாய்விட்டுச் சொல்லும். "நாற்பது… நாற்பத்தைந்து… ஐம்பது…" என்று ஓர் இயந்திரப் பெண்குரல். பயணம் முடிந்து வீடு வந்ததும் தானாக நின்றுவிடும். அந்தப் போன் வண்டியைக் கேட்டுச் சொல்வதில்லை. செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்கிறது. அப்போது மீட்டரும் போனும் ஒரே எண்ணைத்தான் சொல்லின.

குரல் ஓர் எண்ணைச் சொல்லும். அவள் தலையைச் சாய்த்து டயர் சத்தத்தைக் கேட்பாள். முதல் சில நாள் தப்புத் தப்பாகச் சொன்னாள். நாற்பதை அறுபது என்றாள். எழுபதை ஐம்பது என்றாள். பிறகு ஒருநாள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"என்ன டிரைவர் சார், அறுபத்திரண்டா?"

பார்த்தேன். அறுபத்திரண்டு.

"எப்படி? மீட்டர் உன் காதுல வந்து சொல்லுச்சா?"

"மீட்டர் எங்க பேசுது? டயர்தான் பேசுது. அதுக்கு வாய் ஓயவே ஓயாது. உன்ன மாதிரி உம்மணாமூஞ்சி இல்ல."

அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "எண்பது வரைக்கும் வண்டி உன்னுது. அதுக்கு மேல என்னுது." மீட்டரில் எண்பது விழுந்த அந்த நொடி, மோதிர விரலால் டேஷ்போர்டைத் தட்டுவாள்.

டக் டக்.

நான் காலை எடுத்துவிட வேண்டும். ஏமாற்றிப் பார்த்திருக்கிறேன். பாட்டைச் சத்தமாக வைத்தேன். எழுபத்தெட்டிலேயே வெகுநேரம் உருட்டி, மெதுவாக ஏற்றினேன். நடக்கவில்லை. எழுபத்தொன்பதில் ஒருநாளும் தட்டியதில்லை. எண்பத்தொன்று வரை விட்டதுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவை அவள் உடைப்பதுபோலத்தான் சாத்துவாள். பூட்டு விழுந்த சத்தம் காதில் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. "கதவு கையோட வந்துடப்போகுது மேடம்" என்பேன். "வந்தா மாட்டிக் குடு, டிரைவருக்கு வேற என்ன வேலை" என்பாள்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல். மூன்று நாள் ஆஸ்பத்திரி. அதோடு முடிந்தது. அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

மோதிரம் அலமாரியில் ஒரு டப்பாவில் இருக்கிறது. அவளுடைய மடக்குக் கைத்தடி கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. போனை மட்டும் அவள் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். தனக்கு நினைவூட்டிக்கொள்ள அவள் பேசிப் பதிந்த குறிப்புகள் நூற்றுக்கணக்கில் அதில் இருந்தன. பால் வாங்கணும். கரண்ட் பில் கட்டணும். டிரைவருக்குச் சட்டைப் பொத்தான் தைக்கணும். அத்தை அதை ஷோகேஸில் வைத்து, தினமும் மறக்காமல் சார்ஜ் போட்டு, அந்தக் குறிப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

எனக்கு ஒரு தொழிற்சாலையில் எடை சரிபார்க்கும் வேலை. பெல்ட்டில் பாக்கெட்டுகள் வரும். தராசு காட்டும் எண்ணைப் பார்த்து, போ அல்லது போகாதே என்று சொல்ல வேண்டும். கையில் தூக்கிப் பார்த்து "கம்மியா இருக்கே" என்று யாராவது சொன்னால் கேட்க மாட்டேன். எண் என்ன சொல்கிறதோ அதுதான் எடை. அப்படி நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடியும். புறவழிச்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டி வீட்டுக்கு வருவேன்.

அவள் இல்லாத வண்டியில் டயர் சத்தம் மட்டும் இருந்தது. அவளோடு பேசிக்கொண்டிருந்த டயர்கள். இப்போது என்னிடம் பேச ஆரம்பித்தன. தார்ச் சாலையில் ஒரு குரல், பாலத்தில் ஒரு குரல். எண்பதைத் தொட்டதும் என் கால் தானாக எழும். தட்டுவதற்கு யாருமில்லை. அதைத் தாங்க முடியவில்லை.

டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார்.

"இன்னும் ஒரு வருஷம் ஓடுமே சார். எதுக்குக் காசைக் கரியாக்குறீங்க?"

"சத்தம் வருது."

"டயர்னா சத்தம் வரத்தான் செய்யும். பேசாத டயரும் பேசாத பொண்டாட்டியும் எந்த ஊர்ல சார் கிடைக்கும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருக்குத் தெரியாது.

"ஒரு சைஸ் பெருசு இருக்கு," என்றார். "மெத்தை மாதிரி போகும். போட்டுடவா?"

போடச் சொன்னேன். காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் ஏதோ சொன்னார். மீட்டர் என்றார். திருத்தணும் என்றார். பாதிதான் காதில் விழுந்தது. தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

புது டயர்கள் பேசவில்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் அந்த நிம்மதியைக் காணோம். ரேடியோவைப் போட்டேன். அணைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை.

பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். மீட்டரில் ஐம்பத்திரண்டு.

டக் டக்.

திரும்பிப் பார்த்தேன். காலி இருக்கை. ஏதோ பிளாஸ்டிக் ஆடுகிறது என்று நினைத்தேன். மறுநாள் தொண்ணூற்றொன்றில் கேட்டது. அதற்கு அடுத்த நாள் அறுபத்தெட்டில். டேஷ்போர்டு அறையைத் திறந்து காலி செய்தேன். ஒரு கறுப்புக் கண்ணாடி. பாதி தீர்ந்த புதினா மிட்டாய். இரண்டையும் எடுத்து வீட்டில் வைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

கழன்ற பிளாஸ்டிக் என்றால் ஒரே மாதிரி ஆட வேண்டும். இது அப்படி இல்லை. யாரோ தடுமாறுவதுபோல இருந்தது. எழுபதில் தட்டும். மறுநாள் எழுபத்தொன்பதில். பிறகு எழுபத்து நான்கில்…

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது புரிந்தது.

வண்டி வாங்கிய முதல் வாரம் அவள் இப்படித்தான் தடுமாறினாள். டயரின் குரல் பழகும் வரை.

இப்போது டயர் புதிது.

யாரோ பழகிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் அத்தை போன் செய்தார்.

"மாப்ள, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு அத்தை."

"பொய். சரி, அதை விடுங்க. அவ போன் தானா பேசுது மாப்ள."

"என்ன பேசுது?"

"நம்பர் சொல்லுது. அம்பது, அறுபதுன்னு. ஷோகேஸ்ல இருந்தபடியே. காய்கறிக் கடையில எடை போடுற மாதிரி நம்பர் நம்பரா."

"எப்போ?"

"சாயங்காலம் ஏழு ஏழரைக்கு ஆரம்பிக்கும். எட்டு மணி வாக்குல நின்னுடும்."

நான் வண்டியில் இருக்கும் நேரம்.

"ஏதோ செட்டிங் மாறியிருக்கும் அத்தை. அணைச்சிடுங்க."

"அணைக்கப்போய் அவ பேசினது எல்லாம் அழிஞ்சிட்டா? வேணாம். இருக்கட்டும். வீட்ல ஒரு பேச்சுத்துணை."

போன் செயற்கைக்கோளைக் கேட்டுச் சொல்வது. ஷோகேஸில் அசையாமல் இருக்கும் போனுக்கு வேகம் ஏது? அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

தட்டல் ஓர் எண்ணில் வந்து நின்றது.

எழுபத்தாறு.

மேட்டில் ஏறினாலும் எழுபத்தாறு. இறக்கத்திலும் எழுபத்தாறு. பிசகவே இல்லை. எழுபத்தைந்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எண் மாறும். டக் டக். கால் தானாக எழும்.

சொல்லாமல் விடக் கூடாது. அந்த நாட்களில் நான் ஷிஃப்ட் முடிவதற்காகக் காத்திருந்தேன். வண்டியில் ஏறும் முன் தலை வாரிக்கொண்டேன். அவள்தான் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஆனால் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. அவள் எண்பதில் தட்டுகிறவள். எழுபத்தாறில் அல்ல. ஒருநாளும் தப்பாதவள் நாலு எண் தப்புவாளா? தராசு முன்னால் நிற்கும்போதெல்லாம் அதையே நினைத்தேன். எண் ஒத்துவரவில்லை என்றால் பொருள் அது இல்லை. ஒதுக்கிவிட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. சாரல். மேம்பாலம் இறங்கி, விளக்குக் கம்பங்கள் முடியும் இடம். அதற்கு அப்பால் இருபுறமும் இருட்டு. எழுபத்தாறு.

டக் டக்.

எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது.

"நீ அவ இல்ல," என்றேன்.

வைப்பர் மட்டும் அசைந்தது.

"அவளுக்கு எண்பது தெரியும். எழுபத்தாறுல தட்டுற நீ யாரோ. என்னை ஏமாத்தாத. இறங்கு!"

கத்தியிருக்கிறேன். தொண்டை வலித்தது.

டிங்… டிங்… டிங்…

மீட்டரில் சிவப்பு விளக்கு. கதவு திறந்திருக்கிறது என்று.

ஓரங்கட்டி நிறுத்தினேன். மணி ஏழு இருபத்தாறு. இறங்கிச் சுற்றி வந்தேன். பக்கத்துக் கதவு அகலத் திறந்து கிடந்தது. சாரல் உள்ளே அடித்திருந்தது. இருக்கை முழுக்க நனைந்திருந்தது. நடுவில் மட்டும் ஈரமில்லை. ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு தட்டல் இல்லை. புதன் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளிக்கிழமை நூறு வரை ஓட்டிப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் இருந்தவரை அந்த வீட்டில் இருட்டு ஒரு பொருட்டே இல்லை. இப்போது இருந்தது.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. வெளிச்சத்திலேயே திரும்பி வந்தேன். புறவழிச்சாலையில் ஒரு குறுக்குச் சாலை வரும் இடத்தில் புதிதாக ஒரு மின்பலகை வைத்திருந்தார்கள். 'உங்கள் வேகம்' என்று எழுதி, கீழே எண் ஒளிரும்.

என் மீட்டரில் எழுபத்தாறு.

பலகையில் எண்பது.

பலகை கோளாறு என்று நினைத்தேன். அடுத்த திருப்பத்தில் வளைந்து மறுபடி வந்தேன். மீட்டரில் ஐம்பத்தேழு. பலகையில் அறுபது. இன்னொரு முறை. மீட்டரில் முப்பத்தெட்டு. பலகையில் நாற்பது.

ஓரமாக நிறுத்திவிட்டு டயர் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"மீட்டர் கம்மியா காட்டுது."

"காட்டத்தானே செய்யும்! அன்னைக்கே சொன்னேனே சார். தலைய தலைய ஆட்டினீங்க. டயர் பெருசாச்சுன்னா ஒரு சுத்துக்குப் போற தூரம் கூடும். வண்டிக்கு அது தெரியாது பாருங்க. பழைய டயர்தான்னு நெனச்சே எண்ணிட்டிருக்கும். நீங்க எண்பதுல போனா அது எழுபத்தாறுன்னு காட்டும்."

"எழுபத்தாறா?"

"நான் போட்ட சைஸுக்கு அவ்ளோதான் வரும். கொண்டாங்க, கம்ப்யூட்டரை மாட்டித் திருத்திக் குடுக்கச் சொல்றேன். பத்து நிமிஷ வேலை."

நான் போனை வைத்துவிட்டேன்.

அவள் தப்பவில்லை. புது டயரைப் பழகி, சரியாக எண்பதில் தட்டியிருக்கிறாள். மீட்டர்தான் பொய் சொன்னது. நான் மீட்டரை நம்பினேன். அவளை இறங்கச் சொன்னேன்.

அத்தைக்குப் போன் செய்தேன்.

"அத்தை, அந்தப் போன் இப்பவும் நம்பர் சொல்லுதா?"

"அதை ஏன் கேக்குறீங்க. ராத்திரி பகல்னு இல்லாம ஓயாம சொல்லுது. முன்னெல்லாம் எட்டு மணிக்கு நின்னுடும். இப்போ நிக்கவே மாட்டேங்குது."

"என்ன நம்பர்?"

"ஒரே நம்பர்தான். பூஜ்ஜியம்."

"எப்ப இருந்து?"

"செவ்வாக்கிழமை சாயங்காலம். ஏழரை மணிக்கு முன்னாடி. அறுபது எழுபதுன்னு சொல்லிட்டே வந்துச்சு, அப்புறம் பூஜ்ஜியம்னுச்சு. அப்படியே நின்னுடுச்சு. ஏன் மாப்ள, ரிப்பேரா?"

"இல்ல அத்தை."

ரிப்பேர் இல்லை. வீடு வந்து சேர்ந்தால்தானே பயணம் முடியும். அவள் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

விளக்குக் கம்பம் முடியும் இடத்தில், இருட்டில், கைத்தடி இல்லாமல், நான்கு நாளாக நின்றுகொண்டிருந்தாள்.

மீட்டரைத் திருத்தவில்லை. எழுபத்தாறு எங்கள் எண். அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் காப்பாற்றியது என்று இப்போது தோன்றுகிறது. காப்பாற்றியதா என்பதும் தெரியவில்லை.

அன்று மாலையே போனேன். ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அதே இடம். வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டேன். டிக்… டிக்… டிக்… சாலையோரப் புல் மஞ்சளாகத் தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது.

பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தேன்.

"மேடம். டிரைவர் வந்திருக்கேன்."

லாரி ஒன்று கடந்து போனது. காற்று வந்து அறைந்தது.

"தப்பு என்னுதுதான். மீட்டர் மேல பழி போடல." சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. "வீட்டுக்குப் போலாம். ஏறு."

ஒன்றும் நடக்கவில்லை. வெகுநேரம் நின்றேன். கால் மரத்துப்போனது. கதவை விட்டுவிட்டு என் பக்கம் போய் உட்கார்ந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

வண்டி லேசாக ஒரு பக்கம் அமிழ்ந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

மெதுவாக. மிக மெதுவாக. பூட்டு விழும் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

அதை நான் கவனித்திருக்க வேண்டும். அப்போது கவனிக்கவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

வண்டியை எடுத்தேன். நாற்பது. ஐம்பது. பேசிக்கொண்டே ஓட்டினேன். இத்தனை மாதம் யாரிடமும் பேசாததை எல்லாம் பேசினேன். உன் அம்மா நன்றாக இருக்கிறார். குழாய் ஒழுகுகிறது. பொத்தான் இன்னும் தைக்கவில்லை. அறுபது. எழுபது.

எழுபத்தைந்து.

மூச்சைப் பிடித்தேன்.

எழுபத்தாறு.

ஒன்றுமில்லை.

கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். இருக்காதா பின்னே.

எழுபத்தேழு…

எழுபத்தெட்டு…

எழுபத்தொன்பது…

எண்பது.

டக் டக்.

ஒரு கணம் மனம் நிறைந்தது. ஒரே ஒரு கணம்.

பிறகு கணக்குப் போட்டேன்.

மீட்டரில் எண்பது.

அப்படியென்றால் உண்மையில் எண்பத்து நான்கு.

அவள் எண்பத்து நான்கில் தட்டமாட்டாள்.

அவளுக்கு மீட்டரில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

பக்கத்தில் இருந்ததற்குத் தெரிந்தது.

அதற்குக் கண் இருந்தது.

அது மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் திரும்பவில்லை. காலை எடுக்கவும் பயம். அழுத்தவும் பயம். எண்பதிலேயே வண்டி போய்க்கொண்டிருந்தது.

டக் டக்.

இந்த முறை டேஷ்போர்டில் இல்லை.

மீட்டர் கண்ணாடியில்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால். என் இரண்டு கைகளுக்கும் நடுவில்.

பெட்ரோல் பங்க் விளக்குகள் தெரிந்ததும் உள்ளே திருப்பினேன். சாவியை எடுத்தேனா, வண்டியை அணைத்தேனா, எதுவும் நினைவில்லை. இறங்கி ஓடினேன். காற்றடிக்கும் இடத்தில் இருந்த ஆள் எழுந்து நின்றார்.

"என்ன சார் ஆச்சு? வண்டில புகையா?"

அத்தைக்குப் போன் போட்டேன்.

"இப்ப… இப்ப என்ன சொல்லுது அத்தை?"

"ஏன் மாப்ள இப்படி மூச்சு வாங்குது? எங்க இருக்கீங்க?"

"சொல்லுங்க. நான் இவ்வளவு நேரம் ஓட்டிட்டு வந்தேன். என்ன சொல்லிச்சு?"

"அதேதான். பூஜ்ஜியம்."

"நடுவுல? நாப்பது, அம்பது, ஏதாவது?"

"நான் பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன். பூஜ்ஜியத்தைத் தவிர வேற ஒண்ணும் சொல்லல."

நான் கதவைத் திறந்து பிடித்தபோது அவள் அங்கேயே நின்றிருந்தாள். ஏறவில்லை. ஏறியது வேறு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழுது வண்டிகளை இழுத்து வரும் ஆள் ஒருவர் காரை என் வீட்டுவரை கொண்டுவந்து விட்டார். "வண்டி நல்லாத்தானே இருக்கு, ஓட்டிட்டே வந்திருக்கலாமே" என்றார். நீங்கள் ஓட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை, லாரியில் ஏற்றித்தான் வந்தேன் என்றார். நல்லது என்றேன். சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன்.

இப்போது பஸ்ஸில் போய் வருகிறேன். பகலில் இரண்டு முறை அந்த இடத்துக்குப் போனேன். நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். கையில் அவளுடைய கைத்தடி. கூப்பிட்டேன். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் எனக்குத் தெரியாது. அவளுக்காவது காது இருந்தது.

தடியை அங்கேயே நட்டுவைத்துவிட்டு வரலாமா என்று நினைத்தேன். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். திரும்பக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இன்று சாயங்காலம் அத்தை கூப்பிட்டார்.

"மாப்ள, நம்பர் மாறிடுச்சு."

எழுந்து நின்றுவிட்டேன்.

"எவ்வளவு?"

"அஞ்சு… இல்ல, நாலு. இருங்க… மூணு. மறுபடி நாலு. மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுலயே கிடக்கு. விளக்கு வச்சதுல இருந்து இதான்." பிறகு கேட்டார். "எந்த வண்டி மாப்ள இவ்வளவு மெதுவா ஓடும்?"

"வண்டி இல்ல அத்தை."

"பின்னே?"

அழைப்பைத் துண்டித்தேன். அது ஓர் ஆள் நடக்கும் வேகம். கண் தெரியாத ஆள், கையில் தடி இல்லாமல், புறவழிச்சாலையின் ஓரமாகத் தடவித் தடவி நடக்கும் வேகம்.

அந்த இடத்திலிருந்து என் வீடு ஓர் இரவு நடைத் தூரம். இந்தப் பக்கமாகத்தான் நடக்கிறாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. போன் வேகத்தை மட்டும்தான் சொல்லும். திசையைச் சொல்லாது.

வண்டி இழுக்கும் ஆளுக்குப் போன் செய்தேன். இந்தக் காரை உடனே எங்காவது கொண்டுபோய் விடுங்கள் என்றேன். "இந்நேரத்துல ஆள் இல்ல சார், காலைல வரேன்" என்றார்.

வீட்டுக் கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன். விளக்குகள் எல்லாம் எரிகின்றன. அவளுக்கு அவை தேவையில்லை. எனக்காக. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரிகிறது. படிக்கட்டு தெரிகிறது. படிக்கட்டுக்கு முன்னால் அந்தக் கார் தெரிகிறது.

என் கதவுக்கு வர வேண்டும் என்றால் அவள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

சற்று முன் மறுபடி பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது.

யாரோ பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.